பேசாத பிள்ளையைப் பற்றி எழுதிய அறிக்கை

அப்பா அம்மா பிரிந்த பிறகு பிள்ளை யாரிடம் வளர வேண்டும் என்று நீதிமன்றத்துக்கு அறிக்கை எழுதுகிறவர்களுக்காக இப்போது நெறிமுறைகள் தொகுக்கிறார்கள். வரைவை எனக்கும் அனுப்பியிருந்தார்கள். ஓய்வு பெற்ற ஆலோசகர் என்ற முறையில் நான் கருத்துச் சொல்ல வேண்டுமாம். அதைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் பாத்திமா போன் செய்தாள். நான் இருந்த பதவிக்கு வந்திருக்கும் பெண் அவள். கெட்டிக்காரி, ஆனால் கொஞ்சம் அவசரக்காரி.

“அக்கா, இதுல ஒரு விதி இருக்கு பாத்தியளா? பிள்ளையைப் பாத்ததும், ‘நீ சொல்லுததை நான் எழுதுவேன், ஜட்ஜ் படிப்பாங்க, அப்பா அம்மாவும் படிப்பாங்க’ன்னு முதல்லயே சொல்லிரணுமாம். அப்படிச் சொன்னா எந்தப் பிள்ளை அக்கா வாயைத் திறக்கும்?”

நியாயமான கேள்வி. போனில் சொல்லி முடிக்கிற பதிலும் இல்லை. எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். விதியைப் பற்றி எழுத நினைத்தால் மதி என்ற சிறுமியைப் பற்றித்தான் எழுத வருகிறது. பெயர்களை எல்லாம் மாற்றியிருக்கிறேன். ஊரையும் அந்தப் பக்கத்திலேயே வேறு ஊராக மாற்றியிருக்கிறேன். மற்றதெல்லாம் நடந்தது.

நான் சமூகப் பணி படித்துவிட்டுச் சில காலம் ஒரு காப்பகத்தில் வேலை பார்த்தேன். பிறகு குடும்பநல நீதிமன்றத்துக்கு ஆலோசகராக வந்தேன். படிப்பில் சொல்லிக்கொடுத்தது கொஞ்சம். மீதியை ஆவுடையப்பன் சாரிடம் படித்தேன். அவர் மூத்த ஆலோசகர். ஒல்லியான ஆள், குரலை உயர்த்தவே மாட்டார். யார் வந்தாலும் எழுந்து நின்று நாற்காலியைக் காட்டுவார். ஐந்து வயதுப் பிள்ளை வந்தாலும் எழுந்திருப்பார். பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரிக்கும். அவர் சிரிக்க மாட்டார்.

வீடு பார்க்கப் போகும்போது தன் தண்ணீரைத் தானே கொண்டுபோவார். யார் வீட்டிலும் ஒரு மடக்குக் காபி குடிக்க மாட்டார். வந்த புதிதில் எனக்கு அது கூச்சமாக இருந்தது. நம் ஊரில் வீட்டுக்கு வந்தவர் ஒன்றும் குடிக்காமல் போனால் அவமானமாக நினைப்பார்கள். கேட்டேன்.

“இவுக வீட்டுல காபி குடிச்சா அவுக வீட்டுலயும் குடிக்கணும்லா? அங்கன குடுக்கலைன்னா என்ன செய்வீங்க? குடுத்த வீட்டு மேல மனசு ஒரு நூல் சாயும். அந்த ஒரு நூல்ல ஒரு பிள்ளையோட வாழ்க்கை கிடக்கு” என்றார்.

இரண்டு வீட்டையும் பார்க்க வேண்டும். ஒரு வீட்டில் எவ்வளவு நேரம் இருந்தோமோ அவ்வளவு நேரம் மற்றதிலும் இருக்க வேண்டும். பார்க்காத ஆளைப் பற்றி ஒரு வார்த்தை எழுதக் கூடாது. பிள்ளையிடம் ‘உனக்கு அப்பா பிடிக்குமா, அம்மா பிடிக்குமா’ என்று ஒருபோதும் கேட்கக் கூடாது. பிள்ளைக்கு மனச் சிகிச்சை கொடுக்கிறவர் அறிக்கை எழுதக் கூடாது, அறிக்கை எழுதுகிறவர் சிகிச்சை கொடுக்கக் கூடாது. இப்போது வரைவில் வரிசையாக அச்சடித்து வந்திருப்பதில் பாதியை அவர் அப்போதே வாயால் சொல்லிக்கொண்டிருந்தார்.

மேலப்பாளையத்து வழக்கு ஒன்றில் கணவர் வளைகுடா நாட்டில் வேலையாக இருந்தார். பணம் அனுப்புவதோடு சரி, பிள்ளை மேல் பாசமே கிடையாது என்று மனைவி வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். அறிக்கையைச் சீக்கிரம் முடிக்கச் சொல்லி நெருக்கடி. சார் அசையவில்லை. அவர் விடுப்பில் வரட்டும், பார்த்த பிறகுதான் எழுதுவோம் என்று நீதிபதியிடம் கேட்டு அவகாசம் வாங்கினார். அந்த மனிதர் விமான நிலையத்திலிருந்து நேராக எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். கதவைத் திறந்ததும், அங்கே காத்திருந்த அவருடைய மகன் “வாப்பா” என்று கத்திக்கொண்டு ஓடியதை நான் மறக்கவில்லை. பாசம் இல்லை என்று சாட்சி சொன்ன மாமாக்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வழக்கு ஓரளவு நல்லபடியாக முடிந்தது. அப்படி முடிந்தவை குறைவு.

மதியின் வழக்கு வந்தபோது தென்காசி இன்னும் தனி மாவட்டம் ஆகியிருக்கவில்லை; அந்தப் பக்கத்து வழக்குகளும் எங்களிடமே வந்தன.

மதிவதனி ஐந்தாம் வகுப்புப் படித்தாள். அப்பா சிவகுருநாதனுக்கு ஆழ்வார்குறிச்சியில் உரக்கடை. அம்மா கோமதி பாளையங்கோட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். இருவருக்கும் ஒத்துவராமல் கோமதி வீட்டைவிட்டு வெளியேறியபோது பிள்ளை அப்பாவிடம் தங்கிவிட்டாள். தங்கவைத்தார்கள் என்பது கோமதி சொன்னது. விட்டுவிட்டுப் போனாள் என்பது சிவகுருநாதன் சொன்னது. வீட்டில் சிவகுருநாதனின் அக்கா பார்வதி இருந்தாள். மணமாகாதவள். சமையலும் பிள்ளை வளர்ப்பும் அவள் கையில்.

சில மாதத்தில் மதி பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டைத் திறக்காமலே திருப்பிக் கொண்டுபோக ஆரம்பித்தாள். வகுப்பில் உட்கார்ந்தபடியே சிறுநீர் கழித்தாள். ஆசிரியைகள் கவலைப்பட்டு, பள்ளிக்கு வந்துபோகும் நித்யா என்ற மனநல ஆலோசகரிடம் அனுப்பினார்கள். நித்யா இளம் பெண், பிள்ளைகளோடு நன்றாகப் பழகுவாள். மதி அவளிடம் பேசினாள். பேசுவதற்கு முன் யாரிடமும் சொல்ல மாட்டீர்களே என்று கேட்டிருக்கிறாள். நித்யா சத்தியம் செய்திருக்கிறாள்.

அம்மாவைக் கேட்டு அழுதால் அப்பா அரங்குக்குள் விட்டு வெளியே தாழ்ப்பாள் போட்டுவிடுவார் என்று மதி சொன்னாள். அரங்கு என்பது எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் நடுவே இருக்கும் இருட்டு அறை. நெல்லும் பாத்திரமும் போட்டு வைப்பது. ஜன்னல் இருக்காது.

விஷயம் பள்ளி வழியாகக் கோமதியின் காதுக்கு அரைகுறையாக எட்டியது. அவள் நித்யாவிடம் ஓடினாள், அழுதாள். நித்யா மனம் இளகி ஒரு சான்றிதழ் எழுதிக் கொடுத்தாள். பிள்ளை சொன்னதை அவளுடைய வார்த்தைகளிலேயே எழுதி, தந்தையிடம் குழந்தை வளர்வது தகாது என்று முடித்திருந்தாள். சிவகுருநாதனை அவள் பார்த்ததே இல்லை. அந்த வீட்டு வாசலை மிதித்ததும் இல்லை. இதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று குழந்தை கேட்டுக்கொண்டாள் என்ற வரியும் அதில் இருந்தது.

கோமதியின் வக்கீல் அதை மனுவோடு சேர்த்துத் தாக்கல் செய்தார். தாக்கல் செய்த எதற்கும் எதிர்த்தரப்புக்கு நகல் போகும். அதுதான் முறை. நகல் சிவகுருநாதன் கைக்கு வந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை அவரே என்னிடம் சொன்னார். விசாரணைக்கு முதல் முறை வந்த அன்று, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, கையைக் கட்டியபடி உட்கார்ந்திருந்தார்.

“நான் ஒரு அடி அடிக்கலை மேடம். எங்க அக்காட்ட வேணும்னாலும் கேளுங்க. சித்தப்பாவும் சித்தியும் வந்திருந்தாவ. எல்லாரும் முன்கூடத்துல, பட்டாசல்ல உக்காந்திருந்தோம். அவளைக் கூப்பிட்டு அந்தத் தாளைக் கையில குடுத்து வாசிட்டின்னு சொன்னேன். அவ்வளவுதான்.”

“சத்தமாவா?”

“எல்லாருக்கும் கேக்கணும்லா. அவ சொன்னதுதான மேடம்? அவ வாயால சொன்னதை அவ வாயால வாசிக்கதுல என்ன தப்பு?”

“முழுசும் வாசிச்சாளா?”

“வாசிச்சா. தமிழ் நல்லா வாசிப்பா.”

அன்றிலிருந்து மதி பெரியவர்கள் யாரிடமும் பேசவில்லை. அப்பாவிடம் இல்லை, அத்தையிடம் இல்லை, ஆசிரியைகளிடம் இல்லை. வாரக் கடைசியில் அம்மாவிடம் போனபோது அங்கும் இல்லை. கூடப் படிக்கிற பிள்ளைகளோடு காதுக்குள் ஏதோ சொல்வாளாம். பெரியவர் யாராவது பக்கத்தில் வந்தால் நிறுத்திவிடுவாள். இந்த நிலையில்தான் நீதிபதி என்னை மதிப்பீட்டாளராக நியமித்தார்.

நீதிமன்றத்தில் பிள்ளைகளுக்கென்று ஓர் அறை உண்டு. தாழ்வான மேசை, பாய், கொஞ்சம் விளையாட்டுச் சாமான். ஆற்றங்கரையில் பொறுக்கிய வழவழப்பான கற்களைத் தட்டாங்கல் ஆட நான் ஒரு தகர டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். மதியை முதலில் பார்த்தது அங்கே. இரட்டைச் சடை, எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னியிருந்தது. சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

“மதி, என் பேரு சங்கரி. நீ எங்க இருந்தா உனக்கு நல்லதுன்னு ஜட்ஜுக்கு எழுதிக் குடுக்கிறது என் வேலை. நீ என்கிட்ட எது சொன்னாலும் நான் எழுதுவேன். அதை அப்பாவும் அம்மாவும் படிப்பாங்க. அதனால நீ சொல்லணும்னு நெனைக்கிறதை மட்டும் சொன்னாப் போதும். ஒண்ணுமே சொல்லாம இருந்தாலும் தப்பில்லை.”

அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் முடித்ததும் கல் டப்பாவை இழுத்து, தனியாக ஆட ஆரம்பித்தாள்.

அடுத்த முறையும் அப்படியே. அதற்கடுத்த முறை, தன் ஆட்டம் தப்பியதும் கற்களைக் கூட்டி என் பக்கம் தள்ளினாள். என் முறை. நான் ஆடினேன். தப்பியதும் அவள் எடுத்துக்கொண்டாள். இரண்டு பேரும் ஒரு வார்த்தை இல்லாமல் ஆடுவோம். கல் தரையில் விழுகிற சத்தம் மட்டும் இருக்கும். நேரம் முடிந்ததும் கற்களைத் தானே டப்பாவில் போட்டு மூடி வைத்துவிட்டுப் போவாள்.

கோமதியின் வக்கீல் தாழ்வாரத்தில் என்னை மறித்தார். “மேடம், ‘இது நமக்குள்ளே மட்டும்’னு ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்க. பிள்ளை கொட்டிரும். கேஸ் ஒரே வாய்தாவுல முடிஞ்சுரும்.”

அவர் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. ஆனால் பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது அந்த யோசனை கூடவே வந்தது. ஒரு பொய். ஒரே ஒரு முறை. அவள் பேசிவிட்டால் அந்த வீட்டிலிருந்து அவளை எடுத்துவிடலாம். நல்லதுக்காகத்தானே. நித்யாவும் இப்படித்தான் நினைத்திருப்பாள் என்று பிறகுதான் தோன்றியது.

மறுநாள் ஆவுடையப்பன் சாரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“பேச வைக்கது நம்ம வேலை இல்லைம்மா. பாக்கணும், கேக்கணும், பாத்ததையும் கேட்டதையும் எழுதணும். அவ வாயை மூடியிருக்கா. அது ஒண்ணுதான் இப்ப அவ கையில இருக்கு. அதையும் நாம பிடுங்கிரக் கூடாது.”

“அப்ப எதை வச்சு சார் எழுதுவேன்?”

“வீட்டுக்குப் போங்க. ரெண்டு வீட்டுக்கும்.”

ஆழ்வார்குறிச்சி வீடு தெருவிலிருந்து பின்புறம்வரை நீண்டு போகும் பழைய வீடு. சுத்தமாக இருந்தது. மதியின் புத்தகங்கள் அட்டை போட்டு அடுக்கியிருந்தன. தூங்கும் இடம், குளிக்கும் இடம், படிக்கும் மேசை எல்லாம் பார்த்தேன். சிவகுருநாதன் கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தார். மதி தூணோரம் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். நான் பாயில் உட்கார்ந்தேன். அது பார்வதிக்குப் பொறுக்கவில்லை. வீட்டுக்கு வந்த அதிகாரி தரையில் உட்காரலாமா என்று நினைத்திருப்பாள்.

“ஏட்டி மதி, அரங்குக்குள்ள அந்த முக்காலி கிடக்கும், எடுத்துட்டு வா” என்றாள்.

மிகச் சாதாரணமாகத்தான் சொன்னாள். மதி பென்சிலை வைத்துவிட்டு எழுந்தாள். அரங்கு வாசல்வரை போனாள். கதவு திறந்துதான் இருந்தது. அங்கேயே நின்றாள். கைகள் இரண்டும் பாவாடையைப் பிடித்திருந்தன. சற்று நேரத்தில் அவள் காலடியில் தரை நனைந்தது. ஈரம் நிலைப்படியோரமாகப் பரவி வந்தது. அவள் திரும்பவும் இல்லை, அழவும் இல்லை.

“இது ஒரு பழக்கமாப் போச்சு மேடம். வயசுக்கு வரப்போற பிள்ளை…” என்று பார்வதி ஆரம்பித்தாள்.

சிவகுருநாதன் அக்காவைக் கையமர்த்தினார். உள்ளே போய் ஒரு பழைய துணியை எடுத்து வந்து, குத்தவைத்து உட்கார்ந்து, தரையைத் தானே துடைத்தார். “போ, பைய நடந்து போயி வேற பாவாடை மாத்திட்டு வா” என்று மகளிடம் சொன்னார். குரலில் கடுமை இல்லை. துடைத்து முடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை. துணியைக் கையில் வைத்துக்கொண்டு அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதே வாரம் பாளையங்கோட்டை வீட்டுக்குப் போனேன். மாடியில் ஒரு சின்னப் பகுதி. கோமதி மகளுக்குப் புதுக் கட்டில் வாங்கிப் போட்டிருந்தாள். சுவரில் பொம்மைப் படங்கள். வாரக் கடைசி என்பதால் மதி அங்கே இருந்தாள். நான் உட்கார்ந்த சிறிது நேரத்தில் கோமதி மகள் முன்னால் மண்டியிட்டு, அவள் தாடையைப் பிடித்தாள்.

“சொல்லும்மா. மேடம் நல்லவங்க. அப்பா உன்னைய எங்க வச்சுப் பூட்டுனாங்க? ஒரே ஒரு தடவை சொல்லு. அப்பந்தான் நீ அம்மாட்ட வர முடியும்.”

மதி மின்விசிறியைப் பார்த்தாள். கோமதி தாடையைத் தன் பக்கம் திருப்பினாள். மதியின் கண்கள் மட்டும் மேலேயே இருந்தன.

“விடுங்கம்மா” என்றேன். கோமதி விட்டாள். பிடித்த இடத்தில் விரல் பதிந்து சிவந்திருந்தது. அடுக்களைக்குள் போய்ச் சுவரில் சாய்ந்து அழுதாள்.

“நான் என்ன செய்யட்டும் மேடம்? அவ வாயைத் திறந்தா எல்லாம் முடிஞ்சுரும். பெத்தவ நான் கேக்கேன், எனக்கே சொல்ல மாட்டேங்கா.”

நித்யாவையும் பார்க்க வேண்டியிருந்தது. அவள் கெட்டவள் இல்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். மேசைமேல் கையை வைத்துக்கொண்டு, “பிள்ளையைக் காப்பாத்தணும்னுதான் எழுதுனேன்” என்றாள். பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்தால் சொல்லத்தான் வேண்டும். அதற்குக் குழந்தைகள் பாதுகாப்புக்கென்று அமைப்பு இருக்கிறது. வழக்கில் ஒரு தரப்பின் கையில் கொடுப்பதற்கில்லை. இதை அவளிடம் சொன்னேன். பிறகு மதியிடம் என்ன வாக்குக் கொடுத்திருந்தாய் என்று கேட்டேன். மேசைமேலிருந்த கையை மடிக்கு எடுத்துக்கொண்டாள்.

“நமக்குள்ள மட்டும்னு சொன்னேன்” என்றாள். “நான் ஒரு தடவை அவளைப் பாத்து மன்னிப்புக் கேக்கலாமா மேடம்?”

“வேண்டாம். அது அவளுக்காக இருக்காது” என்றேன்.

அறிக்கை எழுதினேன். ஆவுடையப்பன் சாரின் முறைப்படி மூன்று பகுதி. நான் பார்த்தது, என்னிடம் சொல்லப்பட்டது, எனக்குத் தெரியாதது. அவர் சிவப்பு மைப் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். திருத்தும்போது ஒவ்வொரு வரியையும் உதட்டை அசைத்து வாசிப்பார். ஒரு இடத்தில் நிறுத்தினார்.

“‘பரிதாபமாக நின்றாள்’னு எழுதியிருக்கிய. பரிதாபம் உங்க கண்ணுல இருந்துச்சு. பிள்ளைட்ட என்ன இருந்துச்சு?”

“பாவாடையைப் பிடிச்சிட்டு நின்னா சார்.”

“அதை எழுதுங்க.”

‘கொடூரமான’ போனது. ‘மனிதத்தன்மையற்ற’ போனது. அப்பா தரையைத் துடைத்ததை நான் எழுதாமல் விட்டிருந்தேன். பேச்சுவாக்கில் அது அவருக்குத் தெரிந்துவிட்டது. “அதும் நடந்ததுதான?” என்று கேட்டு, எழுதவைத்தார். அம்மா தாடையைப் பிடித்ததும், விரல் பதிந்ததும் இருந்தன. அரங்கில் பூட்டினார் என்று முடிவுரையில் நான் எழுதியிருந்த வரியில் சிவப்பு மை நின்றது.

“இதை மூணாவது பகுதிக்குக் கொண்டுபோங்க.”

“சார், எனக்குத் தெரியும்.”

“எப்படித் தெரியும்?”

“அவ அந்த வாசல்ல நின்ன நிலையைப் பாத்தேன்.”

“நின்னதைப் பாத்திய. பூட்டுனதைப் பாக்கலை. நின்னதை எழுதியாச்சு. படிக்கவருக்குக் கண்ணு இருக்கு.”

நான் எழுந்து வெளியே போய் நின்றேன். திரும்பி வந்தபோது அவர் அதே பக்கத்தைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். நான் மாற்றி எழுதினேன்: தந்தை குழந்தையை அறையில் வைத்துத் தாழிட்டாரா என்பது எனக்குத் தெரியாது. என் வேலைக்காலத்தில் எழுதக் கை வராத வரி அதுதான்.

குறுக்கு விசாரணையில் சிவகுருநாதனின் வக்கீல் அந்த வரியைத்தான் பிடித்தார். குழந்தை உங்களிடம் ஏதாவது சொன்னதா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் தந்தைமேல் எந்தக் குற்றமும் நிரூபணம் ஆகவில்லை, சரிதானே என்றார். குற்றம் நடந்ததா என்று பார்க்க என்னை அனுப்பவில்லை, பிள்ளை எங்கே எப்படி இருக்கிறாள் என்று பார்க்க அனுப்பினார்கள் என்றேன். நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ஆழ்வார்குறிச்சி வீட்டைப் பற்றிய பக்கத்தை இன்னொரு முறை படித்தார். படித்து முடித்ததும் சிவகுருநாதனை ஒரு பார்வை பார்த்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

மதி அம்மாவிடம் போக உத்தரவானது. நான் பரிந்துரைத்தவையும் அதில் இருந்தன. நடந்ததைப் பற்றி அவளிடம் யாரும் கேட்கக் கூடாது. சனிக்கிழமைகளில் அப்பா அவளை நீதிமன்றத்து அறையில், என் முன்னிலையில் பார்க்கலாம். வழக்கோடு சம்பந்தமில்லாத ஒரு மனநல ஆலோசகரிடம் அவள் தொடர்ந்து போக வேண்டும். அந்த ஆலோசகரிடம் நீதிமன்றமும் பெற்றோரும் எதையும் கேட்டு வாங்கக் கூடாது. அதற்குப் பாளையங்கோட்டையிலேயே ரெஜினா என்பவரை ஏற்பாடு செய்தோம்.

சிவகுருநாதன் சனிக்கிழமை தவறாமல் வந்தார். அந்தத் தாழ்வான மேசைக்கு எதிரே முழங்காலை மடக்கி உட்காருவார். மதி தட்டாங்கல் ஆடுவாள். அவர் கடையைப் பற்றி, கடனா நதியில் தண்ணீர் வந்ததைப் பற்றி ஏதாவது சொல்லிப் பார்ப்பார். அவள் நிமிர மாட்டாள். நான் மூலையில் உட்கார்ந்து பார்த்ததைக் குறித்துக்கொள்வேன். அதுவும் என் வேலை.

ஒரு சனிக்கிழமை அவர் வந்து எதிரே உட்கார்ந்தார். பிறகு சொன்னார்.

“மதி, அந்தத் தாளை உன்னைய வாசிக்கச் சொல்லியிருக்கக் கூடாது. அப்பா செஞ்சது தப்பு. அதுக்கு முன்னாடி செஞ்சதும்.”

கல் ஒன்று மேலே போனது. அவள் அதைப் பிடிக்கவில்லை. அது உருண்டு பாயைத் தாண்டிப் போய் நின்றது. அவள் அப்பாவைப் பார்த்தாள். பிறகு முழுவதுமாகத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

“இதையும் எழுதுவீங்களா?” என்று கேட்டாள்.

அவள் குரலை நான் அன்றுதான் கேட்டேன். நான் நினைத்திருந்ததைவிடக் கனமான குரல். சிவகுருநாதன் இரண்டு கையையும் தரையில் ஊன்றிக்கொண்டார். மகள் பேசிவிட்டாள் என்பதிலேயே அவர் கண் நிறைந்திருந்தது. என்னைப் பார்த்தார். இல்லை என்று சொல்லிவிடுங்கள் என்று கெஞ்சுகிற மாதிரி இருந்தது. அல்லது நான் அப்படி நினைத்தேன்.

“ஆமா மதி. எழுதணும்” என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். எழுந்து போய் உருண்ட கல்லை எடுத்து வந்து டப்பாவில் போட்டாள். மற்றவற்றையும் போட்டு மூடினாள். அந்த அறையில் அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.

கீழே படிக்கட்டில் கோமதி காத்திருந்தாள். மகளைக் கண்டதும் குனிந்து, “என்னட்டி, அப்பா என்ன சொன்னாங்க?” என்றாள். கேட்கக் கூடாது என்று உத்தரவு இருப்பது அவளுக்குத் தெரியும். நான் மேல்படியில் நின்றதை அவள் கவனிக்கவில்லை. மதி உதட்டை மடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். அதையும் நான் எழுதினேன். நீதிபதி கோமதியை அழைத்துக் கண்டித்தார்.

சிவகுருநாதன் இன்னும் சில வாரம் வந்தார். பிறகு வருவது குறைந்து, நின்றுவிட்டது. போன் செய்து கேட்டபோது, “அவ என்னைப் பாக்கதை என்னால தாங்க முடியலை மேடம்” என்றார். சொன்னதைக் குறித்துக்கொண்டேன். வழக்கு முடிந்து அதன் காகிதக் கட்டு பரணுக்குப் போனது.

பாத்திமா, நீ கேட்டதற்கு நேர்ப்பதில் இதுதான். அப்படிச் சொன்னால் பிள்ளை பேசாமல் போகலாம். மதி பேசவில்லை. அதற்கு ஈடாக நாம் வேலை செய்ய வேண்டும். வீடு வீடாகப் போக வேண்டும், உட்கார வேண்டும், பார்க்க வேண்டும். பார்த்த பிறகும் தெரியாமல் போவது இருக்கும். அதையும் தெரியாது என்று எழுத வேண்டும். இதற்கு மேல் விதியில் எதைச் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் பாளையங்கோட்டை பஸ் நிலையத்தில், மதிக்கு ஏற்பாடு செய்திருந்த ஆலோசகர் ரெஜினாவைப் பார்த்தேன். கையில் குடையும் காய்கறிப் பையும். நாங்கள் ஒருவரையொருவர் பேர் சொல்லி விசாரித்துக்கொள்கிற அளவுக்குப் பழக்கம். உடம்பு, வீடு, மழை என்று பேசிக்கொண்டிருந்தோம். கேட்கக் கூடாது என்று தெரியும். என் பரிந்துரையில் நானே எழுதியது. வாய் முந்திக்கொண்டது.

“மதி எப்படி இருக்கா ரெஜினா? பேசுதாளா?”

ரெஜினா என் முகத்தைப் பார்த்தார்.

“எந்த மதி அக்கா?” என்றார். “எனக்கு அப்படி யாரையும் தெரியாதே.”

அவர் முகத்தில் எதையும் என்னால் வாசிக்க முடியவில்லை. என் பஸ் வந்துவிட்டது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான், என்னை அறியாமல் அழுதுகொண்டிருந்தது தெரிந்தது.